மை குடித்த மேசை

பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாடை காற்றில் ஏறி வந்து மூக்கைத் தொட்டதும் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடைக்குக் கண் வாசலுக்குப் போகிறது. பெயிண்ட் காயவில்லை, ஆத்தா வந்துவிட்டாள் என்கிற கலக்கம்.

சமஸ்தானம் போனபிறகு, புதுக்கோட்டையில் சர்க்கார் கச்சேரிச் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா ஒரு மேசையை எடுத்து வந்தார். அவர் குமாஸ்தாவாக உட்கார்ந்து எழுதிய அதே மேசை. முழுத்தேக்கு. அதில் தலை சாய்த்தபடியேதான் செத்துப்போனார். தூங்குகிறார் என்று நினைத்து, "காப்பி ஆறுது, எந்திரிங்க" என்று ஆத்தா சொல்லிக்கொண்டே நின்றிருக்கிறாள். மைக்கூடு கவிழ்ந்து பலகையெல்லாம் நீலம்.

காரியம் முடிந்ததும் ஆத்தா அறந்தாங்கிக்கு, மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். "அது கெடக்குற வீட்டுல எனக்குச் சோறு எறங்காது. என்னைக்குத் தூக்கிப் போடுறியோ அன்னைக்கு வாரேன்."

எனக்கு ஆத்தாவும் வேண்டும். அந்த மேசையும் வேண்டும்.

வருஷத் திதிக்கு வருகிறேன், பெட்டியோடு வருகிறேன், இருப்பதா போவதா என்று வீட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். நான் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க நீலம் உள்ளே உள்ளே போனது. மரம் மையைக் குடித்து வைத்திருந்தது.

என் மனைவியின் அப்பா கொத்தனார். செட்டியார் வீடுகளில் சுவருக்குப் பதித்து மிஞ்சிய பூப்போட்ட ஜப்பான் ஓடுகள் ஒரு சாக்கு நிறைய அவரிடம் கிடந்தன. யோசனை அவளுடையது.

"மேல ஓட்டைப் பதிச்சு, காலுக்குப் பச்சைப் பெயிண்டைப் பூசி, அடுப்படில போட்டுட்டா எமனுக்கே அடையாளம் தெரியாதுங்க."

"எமனை ஏன்டி இழுக்குற?"

"சரி, அயித்தைக்குத் தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதான்."

சிரித்தோம். பலகையில் கம்பி வலையை ஆணியடித்து இறுக்கி, சிமெண்டு பூசி, அவள் ஒவ்வொரு ஓடாக அமுக்க அமுக்க, நீலம் மூடிக்கொண்டே வந்தது. கடைசி ஓடும் உட்கார்ந்தது. யாரையோ இரண்டாம் தடவை மூடுகிற மாதிரி.

பச்சை காயவில்லை. ஐப்பசி மழை. விசிறியால் விசிறிக்கொண்டிருந்தபோதே வாசலில் குரல். ஆத்தா, சொல்லி அனுப்பிய நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள்.

"என்னடா நாத்தம் இது?"

"அடுப்படிக்கு மேசை ஒண்ணு செஞ்சோம் அயித்தை. பெயிண்டு" என்றாள் மனைவி.

ஆத்தா முன்னறைக்குப் போனாள். மேசை கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. அங்கேயே கொஞ்சம் நின்றாள். "போட்டுட்டியா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் திதிச் சமையல். ஆத்தா முக்காலியை இழுத்துப் போட்டு அந்த மேசை முன்னாலேயே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்தாள். எங்களுக்கு அடுப்படியை விட்டு நகர முடியவில்லை.

"பூவு அழகா இருக்கு தாயி. ஈரத்துணியால தொடச்சா போதும்போல."

"ஆமாங்க அயித்தை."

"பெட்டியைத் தெறக்கணும். சீலையெல்லாம் மக்கிப் போயிரும்." இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். ஆத்தா இருக்கப் போகிறாள்!

எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மேசை விளிம்பை அடியில் கைகொடுத்துப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. விரல்கள் இங்கிட்டும் அங்கிட்டும் தடவின. நகத்தால் சுரண்டி, கையை வெளியே எடுத்து விரித்தாள். வெள்ளைப் பொருக்கு.

வெற்றிலை போட்டதும் விரலில் மிஞ்சின சுண்ணாம்பை அப்பா மேசைக்கு அடியில்தான் தேய்ப்பார். ஆத்தா திட்டாத நாளில்லை. மேலே மூடினோம், காலுக்குப் பூசினோம். குனிந்து அடியில் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. சாவி மறுபடி இடுப்புக்குப் போனது.

திதி முடிந்தது. காக்காய்க்கு வைத்தோம். ஆத்தா இலையில் உட்கார்ந்தாள், பிசைந்தாள், வாய்க்குக் கொண்டுபோகாமல் இலையை மூடிவிட்டாள்.

திறக்காத பெட்டியை நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கி வந்தேன். அறந்தாங்கி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்கு ஆத்தா. இன்னைக்கே அதைத் தூக்கிப் போட்டுர்றேன்."

"வேணாம். நல்ல மேசை. அவ ஆசையாச் செஞ்சிருக்கா."

"அப்ப எப்ப வருவ?"

அவள் பெட்டியைக் காலுக்கு அடியில் தள்ளிக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தான்.

"வீட்டுக்குப் போயி அந்தப் புள்ளையச் சத்தம் போடாத. கைய எடுப்பா, வண்டி கெளம்புது."