பட்டன் கியரும் நான் எழுதிய விதியும்

அந்த விதியை எழுதியது நான்தான். இதைச் சொல்வதால் இனி ஒன்றும் மாறப்போவதில்லை.

அறுவடை முடிந்தால் கரடியனாற்றுப் பக்கம் வயல் வட்டைக்கு நடுவே போகும் நேர் வீதியில் ஆள் நடமாட்டம் இராது. ஞாயிறு காலைகளில் பத்துப் பேர் அங்கே மோட்டார் சைக்கிள்களில் டிராக் ரேஸ் ஓடுவோம். இரண்டிரண்டு பேராக, கால் மைல். பரிசெல்லாம் கிடையாது.

அந்தப் பத்துப் பேரில் ஒருவன் பதினேழு வயதிலிருந்து என் கூட்டாளி, ஏறாவூரில் பைக் திருத்துபவன். லொறி மோதி அவனுடைய இடது கணுக்கால் விறைத்துப்போனது. கியர் மாற்றுவது அந்தக் காலால். இனி ஓடமாட்டான் என்றுதான் நினைத்தோம். கைப்பிடியில் ஒரு பட்டன், அதை அமத்தினால் பற்றரிக் கரண்டில் கியர் மாறும்படி தானே செய்து பூட்டிக்கொண்டு வந்தான். என்னையும் வென்றான்.

பிறகு கட்டாரில் வேலை செய்து திரும்பிய ஒருவர் சேர்ந்தார். புறப்படும்போது பின்சில்லு சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி அவருடைய பைக்கில் இருந்தது. யாராலும் அவரை நெருங்க முடியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ‘இலத்திரனியல் உதவி எதுவும் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

கூட்டாளியின் கராஜில்தான் கூடினோம். வாசித்து முடித்ததும் கட்டார்க்காரர் கோபப்படவில்லை.

“நான் கழட்டுறன் தம்பி. இவர்ர பட்டனையும் கழட்டுவாரா?”

“அது கால் ஏலாததால பூட்டினது,” என்றேன்.

“இருக்கட்டும். ஆனா உங்கட காலவிட அது கெதியா கியர் மாத்துது.”

அது உண்மை. அவனுக்கு மட்டும் விட்டுக்கொடுப்போம் என்றான் ஒருவன். அப்படியென்றால் விதி எதற்கு என்றான் இன்னொருவன். வெகுநேரம் வாக்குவாதப்பட்டோம். கூட்டாளி கையைத் துடைத்துக்கொண்டே, “எனக்காக ஒண்டும் வளைக்க வேணாம்,” என்றான். தாளை அப்போதே கிழித்திருக்கலாம். எனக்கு முன்னால் ஓடும் கட்டார்க்காரரின் பின்விளக்குத்தான் நினைவில் நின்றது. விதிக்குச் சம்மதமானவர்களைக் கை தூக்கச் சொன்னேன். அவனும் தூக்கினான்.

அடுத்த ஞாயிறு நான் முதலாவதாக வந்தேன். அவன் வரவில்லை. மறுநாள் கராஜுக்குப் போய், விதியை மாற்றிவிடலாம் என்றேன்.

“மாத்தினாலும் வரமாட்டன். அத எழுதக்குள்ள என்ட கால் உனக்கு ஞாபகம் வரல்லயா?”

“வந்தது,” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஓம்,” என்றுவிட்டு, கழற்றி வைத்திருந்த சில்லுக்கு முன்னால் குந்திக்கொண்டான்.

விதியை மாற்றினோம். அதற்குள் அவன் பைக்கை விற்றுவிட்டான். கட்டார்க்காரர் திரும்பப் போய்விட்டார். ஒவ்வொருவராகக் குறைந்து, இப்போது அந்த வீதியில் யாரும் ஓடுவதில்லை. நானும் போவதில்லை.

போன கிழமை செயின் இறுக்க அவனிடம்தான் கொண்டுபோனேன். முகம் கோணவில்லை.

“வச்சிட்டுப் போங்க. பின்னேரம் வாங்க, செஞ்சு தாறன்,” என்றான்.

இத்தனை வருடத்தில் அவன் என்னை ‘நீங்க’ என்றதே இல்லை.