மெஷினுக்கு விட்டுக்கொடுத்த பாடு

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவில் இருந்தோம். ஏழு வயது மகளுக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு இரைக்கும். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் வரும் குழாய்கள் குறுகியிருக்கின்றன, ஆபரேஷன் செய்தால்தான் பிழைப்பாள் என்றார்கள்.

அதற்குக்கூட மனதைத் தேற்றிக்கொண்டேன். டாக்டர் அடுத்துச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குழாயைச் சரிசெய்யும் வரை குழந்தையின் இதயத்தை நிறுத்திவிடுவார்களாம். இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியே ஒரு மெஷின் பார்த்துக்கொள்ளுமாம். இதயம் நின்றால் செத்துப்போனதாகத்தானே அர்த்தம்? முடியவே முடியாது என்று மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

பின்னாலேயே என் வீட்டுக்காரர் வந்தார். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்கிற மனிதர். அன்றைக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ!

"இன்னாமே, நம்ம பாடு இல்லாத நாள்ல ஏரி வத்தியா பூடுது? அடுத்த செட்டு வந்து வலை போட்லயா? இவ இதயத்துக்கு இன்னிக்குப் பாடு இல்ல. மெசினு பாத்துக்கும். வேலை முடிஞ்சா பாடு இவகிட்டயே வந்துரும்."

ஏரியில் மீன் கிடைக்கும் இடங்களில் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு.

"வாங்குன பாட்டத் திருப்பிக் குடுக்காம அடிச்சிக்கினவங்க நம்ம ஊர்ல இல்லியா?" என்றேன் விடாமல்.

"அதுங்க மனுசங்கமே. மெசினுக்கு இன்னா, மீன் ஆசையா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். மகளை இடுப்பிலிருந்து இறக்கி உள்ளே அனுப்பச் சம்மதித்தேன்.

மெஷினுக்கு நிறைய ரத்தம் வேண்டுமென்றார்கள். அவரோடு வலை போடுகிறவர்கள் அன்றைய பாட்டை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார்கள். ரத்தம் கொடுத்தால் வலை இழுக்கத் தெம்பிருக்காது என்று பயந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். அவர்களை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

ஆபரேஷன் அன்று சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "மெஷினை நிறுத்தியாச்சு" என்றார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பாடு திரும்பிச்சா சார்?" என்று கேட்டார் இவர்.

டாக்டர் விழித்தார். பிறகு சிரித்தபடி, "குழந்தையோட இதயம் தானாவே துடிக்குதுப்பா" என்றார்.

இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது எனக்குத்தான். எதையாவது பிறர் கையில் ஒப்படைக்க மனம் பதறும்போதெல்லாம், அந்த ஆஸ்பத்திரி வாசலில் மகளை இறக்கிவிட்டதை நினைத்துக்கொள்வேன், இறுகியிருக்கும் கை தானாகத் தளர்ந்துவிடும்.