ஒரு கரண்டி பஞ்சாமிர்தத்தால் நின்றுபோன எண்டோஸ்கோப்பி

முருகனை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

போன வருடம் வைகாசியிலிருந்தே எனக்கு உடம்பு சரியில்லை. கல்கத்தா டாக்குரியாவில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. படியேறினால் மூச்சு வாங்கும். நெஞ்செரிச்சல் வேறு. இந்த ஊரில் தலை வலித்தாலும் கால் வலித்தாலும் ‘கேஸ்’, அதாவது வாயுத்தொல்லை, என்றுதான் சொல்வார்கள். முப்பது வருடம் இங்கே இருந்து நானும் அப்படியே ஆகிவிட்டேன். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி மென்றே நாளை ஓட்டினேன். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தால், இரும்புச்சத்து அதலபாதாளத்தில். வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசியலாம், எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. என் அப்பா பெருங்குடல் புற்றுநோயில் போனவர். வீட்டில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று டாக்டர் கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டேன். வாயால் சொன்னால் வந்துவிடுமோ என்று பயம். பூஜையறையில் உட்கார்ந்து அழுதேன். “முருகா, எனக்குள்ள ஒண்ணும் இருக்கக்கூடாது.” இது ஒன்றுதான் வேண்டுதல்.

ஆடிக் கிருத்திகை அன்றைக்கே தேதி கேட்டு வாங்கினேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். காபிகூட இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கிளம்பும்போது பழனிப் பஞ்சாமிர்தம் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டேன். பிரசாதம் சாப்பாட்டில் சேருமா என்ன!

ஏதாவது சாப்பிட்டீர்களா என்று நர்ஸ் வங்க மொழியில் கேட்டாள். இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் அரிச்சந்திரன். “பஞ்சாமிர்தம் சாப்பிட்டியே ராஜி, சொல்லிடு” என்றார். அது என்னவென்று அவள் கேட்க, வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், பேரீச்சை என்று விரல்விட்டு எண்ணி ஒப்பித்தார். பரிசோதனை அன்றைக்கு ரத்து. எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

டாக்டர் கூப்பிட்டார். திட்டவில்லை, சிரித்தார். “வேற எதையாவது மறைச்சிருக்கீங்களா, தீதி?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றது. வாய் வழியாக விடும் குழாய் இரைப்பையையும் சிறுகுடலின் ஆரம்பத்தையும்தான் காட்டுமாம். பெருங்குடலைப் பார்க்க ஆசனவாய் வழியாகக் கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டுமாம். இரண்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால், சிறுகுடலின் மீதியைப் பார்க்கக் காமிரா வைத்த மாத்திரையை விழுங்கச் சொல்வார்களாம். “உங்களுக்கு ரெண்டு பக்கமும் பாத்தே ஆகணும்” என்றார்.

அடுத்த வாரம் இரண்டும் நடந்தன. அதற்கு முந்தைய நாள் பேதி மருந்து குடித்துக் கழிவறையே கதியென்று கிடந்தேன். இரைப்பையில் லேசான அழற்சிதான். பெருங்குடலில் ஒரு பாலிப், சின்னச் சதை வளர்ச்சி, இருந்தது. ரத்தம் கசிந்தது அதிலிருந்துதானாம். மெல்லிய கம்பியால் சுருக்குப் போட்டு அப்போதே எடுத்துவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. விட்டிருந்தால் பின்னால் அப்படி மாறியிருக்கக்கூடும் என்றார் டாக்டர்.

ஒன்றும் இருக்கக்கூடாது என்று கேட்டேன். முருகன் என் பொய்யை முதலில் வெளியே எடுத்தான், பிறகு அந்தப் பாலிப்பையும் எடுத்தான். இரும்பு மாத்திரையும் சாப்பிட்டு, இப்போது காய்கறிப் பையோடு படியேறுகிறேன். பின்னால் அரிச்சந்திரன்தான் மூச்சு வாங்குகிறார்.

இங்கேயே நியூ டவுனில் இருக்கும் என் தம்பிக்கும் அதே அப்பாதானே. போன மாதம் அவனையும் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். பஞ்சாமிர்த டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

நீங்களும் முருகனை நம்புங்கள். அவனிடம் அழுததை டாக்டரிடமும் சொல்லுங்கள். பிரசாதத்தைத் திரும்பி வந்து சாப்பிடலாம், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.