மாமாவுக்கு எந்த மேசை

1. எனக்குப் பத்து வயதாக இருந்த நவம்பர் மாதத்தில், லண்டன் மோர்டனில் நான் வில் பழகிய கழகம் தன் படைவீரர்களுக்கு மரியாதை செய்யும் நாள் வந்தது.
2. அதற்காக அப்பா என் மாமாவின் படம் ஒன்றைக் கொடுத்தார்.
3. படம் இறந்தவர்களின் மேசையில் வைக்கப்பட்டது.
4. அம்மா அதை எடுத்து, உயிரோடு இருப்பவர்களின் மேசையில் வைத்தார்.
5. மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஐந்துக்குப் பிறகு நடந்ததை ஒரு வரியில் எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

கழகம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ரயில் பாதையை ஒட்டிய புல்வெளி, ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் எந்நேரமும் கொதிக்கும் தேநீர்ப் பாத்திரம். உறுப்பினர்களில் பாதிப் பேர் முன்னாள் இராணுவத்தினர். வெளிநாட்டு முகாம்களில் இருந்த காலத்தில் விடுமுறைக்கு அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய் வில்லால் மானும் பன்றியும் வேட்டையாடியவர்கள். இங்கே வில்வேட்டை சட்டப்படி குற்றம். ஆகையால் ரப்பரில் செய்த பன்றியையும் மானையும் புல்லில் நிறுத்தி, அவற்றின் நெஞ்சைக் குறிபார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

மரியாதை நாளில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உறுப்பினர்களின் உறவினர் எந்தப் போருக்குப் போயிருந்தாலும் படம் கொடுக்கலாம். கொட்டகை வாசலில் இரண்டு மேசைகள் போடுவார்கள். ஒன்றில் போரில் இறந்தவர்களின் படங்கள், மற்றதில் திரும்பி வந்தவர்களின் படங்கள். இறந்தவரின் பெயரைக் கூப்பிட்டால் வேறொருவர் அவருக்காக ஓர் அம்பு விடுவார். திரும்பி வந்தவரின் பெயரைக் கூப்பிட்டால் அவரே எய்யும் கோட்டுக்கு வந்து அம்பு விட வேண்டும். வர முடியாவிட்டால் வீட்டார் யாராவது காரணம் சொல்ல வேண்டும். கோட்டில் ஒருவருடைய முறை மிச்சமிருக்கும்வரை மூன்றாவது விசில் ஊதப்படாது. மூன்று விசில் கேட்காமல் எவரும் அம்பு பிடுங்கப் போகக் கூடாது. இந்தக் கடைசி இரண்டும் மரியாதைக்காக வந்தவை அல்ல, யாரும் அம்பு பட்டுச் சாகாமல் இருப்பதற்காக எல்லா நாளும் கடைப்பிடிக்கும் விதிகள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நான் அவரைப் பார்த்ததில்லை. வன்னியில் தானே சீவிச் செய்த வில்லால் முயல் அடித்துத் திரிந்தவர் என்று தெரியும். போரின் கடைசி வருடம், வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் ஆள் சேர்த்தபோது அவரைக் கொண்டுபோனார்கள். போர் முடிந்த அன்று கையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களோடு இராணுவத்தின் பஸ் ஒன்றில் ஏறினார். ஏறியதைக் கண்ட ஒருவர் இங்கே பக்கத்தில் சட்டனில் இருக்கிறார். இறங்கியதைக் கண்டவர்கள் எவரும் இல்லை. எங்கள் வீட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாமாவின் படம் ஒருபோதும் வைக்கப்பட்டதில்லை. அது தொலைக்காட்சிக்கு மேலே, என் பள்ளிக்கூடப் படத்துக்கு அருகில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போவது அப்பாதான். அம்மாவுக்குப் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். அந்த ஞாயிறு மட்டும் அம்மா லீவு போட்டு, ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தார். தம்பியின் படத்தை வெள்ளைக்காரர் மதிக்கப் போகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். காரில் போகும்போது இரண்டு மேசைகளின் வழக்கத்தையும் விசில் விதிகளையும் நான் அம்மாவுக்கு வரிசையாக விளக்கினேன்.

"அப்ப அவன்ரை முறையை என்ன செய்யிறது?" என்று அம்மா கேட்டார். "வர ஏலாதெண்டு சொல்லுவம், என்ன?"

அப்பா வைப்பரின் வேகத்தைக் கூட்டினார். மழை அவ்வளவாக இல்லை.

கொட்டகை வாசலில் சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் எங்களை வரவேற்றார். இரண்டு கால்களையும் பாலைவனத்தில் விட்டுவிட்டு வந்தவர். மாமாவின் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு கையில் வில்லும் மறு கையில் முயலுமாக மாமா சிரிக்கும் படம்.

"உன் மாமா இதை இங்கே செய்திருந்தால் இந்நேரம் ஜெயிலில் இருப்பார்," என்றார் என்னிடம். "முயலும் சின்னது. ஜெயிலுக்குப் போவதென்றால் பன்றியாவது அடித்துவிட்டுப் போக வேண்டும்."

நான் சிரித்தபடி தமிழில் சொன்னேன். அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படத்தைத் தேடினார். திரும்பி வந்தவர்களின் மேசையில் அது இல்லை. மற்ற மேசையில், சிவப்புக் காகிதப் பூக்களின் வளையத்துக்குள் இருந்தது.

"உதை ஆர் இஞ்ச வைச்சது?"

"தெரியாமல் வைச்சிட்டினம் போல," என்றார் அப்பா.

"நீங்கள் என்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?"

"படம் எண்டுதான் குடுத்தனான். விடும். ஆக்கள் பாக்கினம்."

அம்மா ரோல்ஸ் தட்டை என் கையில் தந்தார். பூவளையத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். படத்தை முந்தானையால் துடைத்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோனார். அங்கே இடம் நெருக்கமாக இருந்ததால் இரண்டு படங்களைக் கொஞ்சம் நகர்த்தினார்.

கழகத்தின் செயலாளர் எழும்பி வந்தார். அறுபது வயதிருக்கும். இறந்தவர்களின் மேசையில் முதலாவதாக இருந்தது அவருடைய மகனின் படம். இருபத்திரண்டு வயது முகத்தில் பரு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"உன் மாமா இறந்துவிட்டார், அப்படித்தானே?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவருடைய கண்கள் அப்பாவைப் பார்த்தன. அப்பா தரையைப் பார்த்தார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

நான் சொன்னேன்.

"சாகேல்லை எண்டு சொல்லு. செத்தவன் எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை."

நான் அதையும் சொன்னேன். செயலாளர் கொஞ்ச நேரம் தன் மகனின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மா நகர்த்திய இரண்டு படங்களையும் நேராக்கி வைத்தார்.

"அப்படியென்றால் இந்த மேசைதான் சரி," என்றார்.

முதலில் இறந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அம்பு போனது. செயலாளரின் மகனுக்குச் சக்கர நாற்காலிக்காரர் விட்டார். அடுத்து உயிரோடு இருப்பவர்கள். ஒருவர் ஊன்றுகோலை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து அம்பு விட்டார். ஒருவருக்குக் கண்புரைச் சிகிச்சை என்று மகள் சத்தமாகச் சொன்னாள். கடைசியாக, சற்று முன் நான் ஐந்தாறு தடவை சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில், செயலாளர் மாமாவின் முழுப் பெயரைக் கூப்பிட்டார்.

கோட்டில் ஆள் இல்லை. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"வர ஏலாதெண்டு சொல்லட்டா, அம்மா?"

அம்மா வாய் திறந்தார். அந்த நேரத்தில்தான், ஏன் வர ஏலாது என்று அடுத்ததாகக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வருவான் எண்டு சொல்லு," என்றார்.

நான் உரத்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னேன். வருவார்.

வருகிறவருக்காகக் காத்திருப்பதுதான் விதி. செயலாளர் விசிலை வாயில் வைக்காமல் கையில் பிடித்தபடி நின்றார். மழை பிடித்தது. ரப்பர் பன்றியின் முதுகிலிருந்து நீர் வழிந்தது. ஒரு ரயில் போனது, பிறகு இன்னொன்று போனது. ஊன்றுகோல்காரரின் மனைவி குடையை விரித்தாள். ஒருவரும் கொட்டகைக்குள் போகவில்லை. அம்மா வாசல் கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்து நானும் கேற்றைப் பார்க்கத் தொடங்கினேன். அந்தக் கொஞ்ச நேரம், மாமா உள்ளே வரக்கூடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அவருக்குக் கழகத்து வில் பெரிதாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

அப்பா கொட்டகைச் சுவரிலிருந்து ஒரு வில்லை எடுத்தார். அதுவரை அவர் வில்லைத் தொட்டதில்லை. கோட்டுக்குப் போய் நின்று, அம்பைத் தலைகீழாக நாணில் வைக்கப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ," என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "வையுங்கோ அதை."

"எல்லாரும் நனையினம்."

"நீங்கள் விட்டால் அவன் செத்துப் போனான் எண்டுதானே."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "எத்தினை நாளைக்கு?" என்று கேட்டார்.

அம்மா திரும்பவும் கேற்றைப் பார்த்தார். அப்பா வில்லைப் புல்லில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு கோட்டிலேயே நின்றார். முகத்தில் மழை படுவது பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

செயலாளர் போய் அவருடைய முழங்கையைப் பிடித்துக் கோட்டிலிருந்து வெளியே கூட்டிவந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "படத்தில் இருப்பவருடைய முறை இருக்கட்டும். வரும்போது விடட்டும்." மூன்று தடவை விசில் ஊதினார். எல்லோரும் அம்பு பிடுங்கப் போனார்கள்.

திரும்பும் வழியில் காரில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். மாமா வந்தால் என்னுடைய கையுறை அவருக்குப் பொருந்துமா என்று கேட்டேன். அப்பா வானொலியைப் போட்டார். அம்மா அதை நிறுத்தினார். தட்டில் ரோல்ஸ் அப்படியே இருந்தது.

அப்பாவின் ஆங்கிலம் அவ்வளவுதான், படத்தைக் கொடுத்தபோது ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டார் என்றுதான் பல வருடங்கள் எண்ணியிருந்தேன். பொறியியல் படித்து வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் செயலாளரிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உன் அப்பா மிகத் தெளிவாகச் சொன்னார், என்றார். இறந்தவர்களின் மேசையில் வையுங்கள், என் மனைவி அதைப் பார்க்க வேண்டும், வீட்டில் என்னால் சொல்ல முடியவில்லை என்று சொன்னாராம். சொல்லும்போது அழுதாராம்.

மாமா இன்றுவரை வரவில்லை. அவரைப் பற்றி எந்த அரசாங்கமும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் பெயரைக் கூப்பிடுவதைக் கேட்க அம்மா ஒவ்வொரு நவம்பரும் வருகிறார், அப்பா காரிலேயே இருந்துவிடுகிறார். செயலாளருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இந்த ஞாயிறு பெயர்களைக் கூப்பிடப்போவது நான்.