ஆத்தா காலடியில் வீசிய கொயினா

எங்கள் வீட்டுக்காரரின் மூத்திரம் கறுத்துப் போனதை முதலில் பார்த்தவள் நான்தான். கருப்பட்டி கரைத்த தண்ணீர் போல இருந்தது. மூத்திரச் சட்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். என் குடும்பம் அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அது மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் சங்ககிரிக்கு மேற்கே. மழை பொய்த்து, காட்டில் ஒன்றும் விளையவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வண்டியையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு அங்கே கல் ஏற்றப் போனார். திரும்பி வரும்போது, இப்போது மலேரியா என்கிறார்களே, அந்த முறைக்காய்ச்சலோடு வந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டிலே ஆடும்படி நடுக்கம் வரும். அங்கே இருந்த டாக்டர் கொயினாத் தூள் பொட்டலங்கள் கொடுத்து, ஒரு வேளை விடாமல் எல்லாவற்றையும் தின்று தீர்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே! இரண்டு நாள் கொடுத்ததும் காய்ச்சல் விட்டது. விட்ட காய்ச்சலுக்கு மருந்து எதற்கு என்று மிச்சத்தை விதைப்பருத்தி எடுத்து வைக்கிற மாதிரி அடுக்குப்பானையில் பத்திரப்படுத்தினேன். மறுபடி காய்ச்சல் வந்தால் இரண்டு பொட்டலம் எடுப்பேன். விட்டதும் மூடி வைத்துவிடுவேன். ஆறு மாதம் இப்படியே ஓட்டினேன். என் சிக்கனத்தை எங்கள் அத்தை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். நட்ட நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. காலையில் ஒரு பொட்டலம் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் மூத்திரம் கறுத்தது. கண் மஞ்சளாகி, உதடு வெளுத்து, குடித்த தண்ணீரெல்லாம் பச்சையாக வாந்தி வந்தது. இடுப்பு அற்றுப் போகிறது என்று முனகினார். என் கையைப் பிடித்து, “பாவாயி, புள்ளைகள உட்டுராத” என்றார்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். என் கொழுந்தன் வண்டியில் வைக்கோல் பரப்பி மாடு பூட்டினான். அப்போதுதான் எல்லோருக்கும் கம்பத்தின் நினைவு வந்தது. கம்பம் நட்டபின் அதைப் பிடுங்கும் வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி வெளியூரில் தங்கக் கூடாது. போய் உடனே திரும்பலாம், தங்கினால்தான் குற்றம். சேலம் போனால் தங்காமல் எப்படி? ஆத்தாவிடம் பூக்கேட்டு உத்தரவு வாங்கிப் போகலாம் என்று பூசாரி சொன்னார்.

என் மூத்த மகளை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். பூசாரி வெள்ளை அரளி ஒரு இலையிலும் சிவப்பு அரளி ஒரு இலையிலும் மடித்து ஆத்தா முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போகக் கூடாது. ஆறு வயதுக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். நான் சொல்லச் சொல்ல இன்று இதை எழுதுகிறவளும் அவள்தான்.

சிவப்பு வந்தது.

இன்னொரு தரம் போடச் சொல்லி அழுதேன். போட்டார். மறுபடியும் சிவப்பு.

எனக்குள் என்னவோ அறுந்தது. கும்பிட்ட கையை இறக்கினேன். வண்டியில் போகும்போது கொடுப்பதற்காக மிச்சக் கொயினா முழுவதையும் முந்தானையில் முடிந்திருந்தேன். அந்த முடிச்சை அவிழ்த்தேன்.

“வண்டி கட்டி நிக்குது, ஊட்டுல உசுரு போய்ட்டிருக்குது, நீ போகாதங்கற. அப்பறம் எனக்கெதுக்கு இந்த மருந்து? நீயே வெச்சுக்க. உன்னால ஆனா காப்பாத்து. இல்லீன்னா என்னையும் சேத்து எடுத்துக்க” என்று பொட்டலங்களை அவள் காலடியில் வீசினேன்.

என் வேண்டுதல், பிரார்த்தனை எல்லாம் அவ்வளவுதான். விழுந்துகூடக் கும்பிடவில்லை.

மாடுகளை அவிழ்த்துவிட்டோம். சங்ககிரிக்குப் போய் அங்கிருக்கும் டாக்டரைக் கூட்டிக்கொண்டு உடனே திரும்புவதாகக் கொழுந்தன் கிளம்பினான். டாக்டர் வெளியூர் போயிருந்தார், மறுநாள்தான் வருவார், வந்ததும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்று வெறுங்கையோடு வந்தான். கையில் மருந்தும் இல்லை, போக வழியும் இல்லை. அவரை அசைக்காமல் படுக்க வைத்து, கஞ்சித் தண்ணீரையும் நீர்மோரையும் சங்கில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பாதி வாந்தியாக வந்தது. மறுபடி ஊற்றினேன். ஒவ்வொரு தரமும் சட்டியைப் பார்த்தேன். கறுப்பு. மறுபடியும் கறுப்பு. என் தாலியைத் தொட்டுப் பார்ப்பதே வேலையாக இருந்தது. கோபத்தில் மருந்தையும் வீசிவிட்டு வந்தேனே, நானே அவரைக் கொன்றுவிட்டேனே என்று நெஞ்சு வெந்தது.

மறுநாள் உச்சிக்கு முன்னால் டாக்டர் வந்தார். சட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என்ன மருந்து கொடுத்தாய், எப்படிக் கொடுத்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“மிச்சம் எங்கம்மா?”

“கோயில்ல வீசிப்போட்டனுங்க.”

திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“இந்தக் காய்ச்சல் கிருமி ரத்தத்துக்குள்ளயே குடியிருக்கும்மா. மருந்தை அரைகுறையாக் குடுத்துக் குடுத்து நிறுத்தினா, சில பேருக்கு உடம்பு தன் ரத்தத்தையே பகையாளி மாதிரி உடைச்சுத் தள்ளும். அந்த உடைஞ்ச ரத்தம்தான் கறுப்பா வருது. ஏன் அப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. இன்னொரு வேளை கொயினா உள்ள போயிருந்தாலும், வண்டியில குலுக்கிக் கொண்டு போயிருந்தாலும், நான் வந்து பாக்க ஆள் இருந்திருக்காது.”

போகாதே என்று ஆத்தா இரண்டு தரம் சொன்னாள். என் கையில் இருந்த விஷத்தையும் என் கோபத்தைக் கொண்டே பிடுங்கிக்கொண்டாள். நான் அதற்கு அவளை வைதேன்.

டாக்டர் தினமும் வந்தார். மூன்றாம் நாள் கறுப்பு சிவப்பானது. ஆறாம் நாள் காலை சட்டியில் வைக்கோல் நிறம். மூத்திரத்தைப் பார்த்து அழுது சிரித்த பொம்பளை எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். அவர் எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆனது. இன்றைக்கும் ஏர் பிடிக்கிறார்.

கம்பம் பிடுங்கிய அன்று கோயிலுக்குப் போனேன். நான் வீசிய பொட்டலங்களைப் பூசாரி பிரிக்காமல் ஓர் ஓரமாக வைத்திருந்தார். “உன்னுதுதான் அம்மணி, எடுத்துக்க” என்றார். அவளுக்குக் கொடுத்தது அவளிடமே இருக்கட்டும் என்று சொல்லி, அன்று விழாத விழுகையெல்லாம் சேர்த்து விழுந்தேன்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த டாக்டரையும் அவள்தான் அனுப்பினாள். இப்போது ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய் நிற்கிறேன். டாக்டர் சொன்ன கணக்கில் கடைசிப் பொட்டலம் வரை தின்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். என் வாய்க்குப் பயந்தாவது தின்கிறார்கள்.

கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் உடைந்திருக்கிறவர்களே, அவளிடம் போங்கள். அழ வந்தால் அழுங்கள். என்னைப் போல வாய்க்காரியாக இருந்தால் சண்டையே போடுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். அவள் இல்லை என்று சொன்னால் மட்டும் ஒரு நாள் பொறுத்திருங்கள். அன்று வெள்ளைப் பூ வந்திருந்தால், இன்று என் தலையில் பூ இருந்திருக்காது.