அறுபத்தெட்டு கிலோ

சங்கராபுரத்தில் விடியற்காலை ஐந்தரைக்குப் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. வருவாய்த்துறையில் இருந்து ஓய்வுபெற்றவருக்குச் சர்க்கரை. மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு இரத்தக் கொதிப்பு. மகன் கல்யாணத்துக்குள் தொப்பையைக் கரைத்துவிட வேண்டும் என்று ஒருவர் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருக்கிறார். "ஒங்களுக்கு இன்னா டீச்சர்? சுகரா, பிரஷரா?" என்று என்னைக் கேட்பார்கள். இரண்டும் இல்லை. எனக்கு இருப்பது அறுபத்தெட்டு கிலோ. என் வீட்டுக்காரருடைய எடை அது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதுவரை விவசாயம், மோட்டார் போட ராத்திரியில் தனியாக நிலத்துக்குப் போய்வந்த மனுஷன். ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது சீட்டில் எடை அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தது. பிசியோதெரபி செய்துவிட வந்த பெண் எனக்குத் தூக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். முதுகை வளைக்கக் கூடாது. முட்டியை மடக்கி உட்கார்ந்து, அவர் இடுப்புக்குப் பின்னால் கை கோத்து, மாரோடு அணைத்து எழுந்து, அப்படியே திருப்பிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். கட்டிலில் இருந்து நாற்காலி, நாற்காலியில் இருந்து கழிப்பறை, மறுபடி நாற்காலி, மறுபடி கட்டில். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. எனக்கு வயது அறுபத்திரண்டு.

ஆள் வைத்துப் பார்க்காமல் இல்லை. முதலில் வந்தவர் மரவள்ளி பிடுங்கும் சமயத்தில் காணாமல் போனார். அடுத்தவர் வந்த நாள் முதல் போனில்தான் இருந்தார். சென்னையில் இருக்கும் மகள் ஒன்று சொல்லிவைத்திருக்கிறாள். "அம்மா, என்னிக்கு உன்னால அப்பாவத் தூக்க முடியலியோ, அன்னிக்கு போன் பண்ணு. வந்து ரெண்டு பேரையும் கூட்டிகினு வந்துடறேன்." அவள் வீடு மூன்றாவது மாடி. நல்ல பெண், நல்ல மருமகன், குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே இவர் தலையை ஆட்டி ஆட்டி, இழுத்துப்போன வாயால், "வூடு... நம்ப வூடு" என்பார். பின்வாசலில் உட்கார்ந்தால் அவருடைய நிலம் தெரியும். ஆக, நான் தூக்குகிற வரைக்கும்தான் அவருக்கு வீடு. இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உடற்பயிற்சி பிடிக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்பது வருஷம் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வெள்ளிமலை வரைக்கும் பஸ், அதற்கு மேல் நடை. ஒரு ஜென்மத்துக்கான நடையை அங்கேயே நடந்து தீர்த்தாயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரிட்டையர் ஆனதும் ஏழு மணி வரைக்கும் தூங்குவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். இப்போது நாலே முக்காலுக்கு அலாரம் அடிக்கும்போது, மூன்று வருஷமாக, தினமும் அதன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. எழுந்திருப்பது பலத்தால் இல்லை. வேறு வழி இல்லாததால் எழுந்திருக்கிறேன்.

நடந்துவிட்டு வந்தால் அரிசிச் சிப்பம். இருபத்தைந்து கிலோ. தரையில் இருந்து எடுத்துக் கட்டிலில் வைக்க வேண்டும், கட்டிலில் இருந்து எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் ஐந்து தடவைக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பால் ஊற்ற வந்தவள் ஜன்னலில் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், அரிசி மண்டி வெக்கப் போறீங்களா?" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சிரித்தால் சிரிக்கட்டும். மலையில் என்னோடு தினமும் ஏறி வந்த ஒரு பெண், என் வயதுதான், விறகுக் கட்டைத் தலைக்கு ஏற்றுகிற நேரத்தில் பேசவே மாட்டாள். கேட்டதற்கு, "வாயத் தொறந்தா மூச்சு போயிடும் டீச்சர், அப்புறம் எங்கேந்து தூக்குறது?" என்றாள். அது நினைவில் இருந்தது. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. முப்பது வருஷம் பிள்ளைகளிடம் கத்தின வாய். அவரைத் தூக்கி நாற்காலியில் வைக்கிற ஒவ்வொரு தடவையும், "யம்மா, இன்னா கனம்டா சாமி!" என்று சொல்லித்தான் மூச்சை விடுவேன்.

போன ஐப்பசி வாக்கில் தூக்குவது கொஞ்சம் சுலபமானது. கார்த்திகையில் இன்னும் சுலபம். தை பிறந்தபோது, எழுந்து திரும்பி உட்கார வைப்பது ஒரே மூச்சில் முடிந்தது. முட்டியில் அந்தக் குத்தல்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "பாத்தியாடி? சிப்பம் வேல செஞ்சிடுச்சி. இன்னும் பத்து வருஷத்துக்கு ஒன் மாடிப்படி எங்களுக்கு வேணாம்" என்று பெருமை அடித்துக்கொண்டேன். மைதானத்தில்கூடச் சொன்னேன். ஆனாலும், "யம்மா, இன்னா கனம்டா சாமி" மட்டும் பழக்கத்தில் வாயில் வந்துகொண்டே இருந்தது.

மாசியில் மக்காச்சோளம் மண்டிக்குப் போனது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தாலும் எங்கள் பங்கு மூட்டையை எடை போடும்போது இவர் தராசு பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். நாற்பது வருஷப் பழக்கம். மண்டிக்காரர் பாய் எங்களுக்கு இருபது வருஷமாகத் தெரிந்தவர், ஏமாற்றுகிறவர் இல்லை; அது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனாலும் முள் நிற்கிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்ப்பார். இப்போது முள் இல்லை, சிவப்பு எண்கள் ஓடுகிற மேடைத் தராசு. அதையும் அப்படியே பார்ப்பார். ஆட்டோ வைத்து, சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு போனோம்.

மண்டி வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உதவிக்கு எழுந்தவர்களை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நானே இவரை ஆட்டோவில் இருந்து இறக்கி நாற்காலியில் வைத்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன், மறைப்பானேன். "டீச்சரம்மா, நாளையிலேந்து நம்ப செட்டுக்கே வந்துடுங்க" என்றார் ஒருவர். எனக்கு உள்ளூர ஒரே குஷி.

மூட்டை எல்லாம் ஏறி இறங்கியதும் பாய் இவரைப் பார்த்து, "அண்ணே, சும்மா பாத்துகினே இருந்தா எப்படி? ஒங்களையும் ஒரு எடை போட்டுடலாமா?" என்றார். இவர் வேண்டாம் என்று இடது கையை ஆட்டினார். கொஞ்சம் பலமாகவே ஆட்டினார். அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். "போடுங்க பாய், நான் எவ்ளோ தூக்குறன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றேன். நாற்காலியோடு மேடையில் ஏற்றினார்கள். எழுபத்தொன்று. அவரை நானே தூக்கிப் பக்கத்தில் இருந்த மூட்டையின் மேல் உட்கார வைத்தேன். காலி நாற்காலியைத் தனியாக எடை போட்டார்கள். பதினேழு. சாக்கு எடையைக் கழிப்பதுபோலப் பாய் நாற்காலி எடையைக் கழித்தார். ஐம்பத்து நாலு.

"இன்னா டீச்சர், சரக்கு இவ்ளோ கம்மியாவுது?" என்று சிரித்தபடி கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தராசில் கோளாறாக இருக்கும் என்றேன். ஒரு ஆளை ஏறச் சொன்னார், அந்த ஆள் சொன்ன எடை சரியாக இருந்தது. பதினாலு கிலோ. என் கைக்குப் பலம் வந்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது இந்தப் பதினாலு கிலோவைத்தான். தினமும் குளிப்பாட்டி விடுகிறவள் நான். தோள்பட்டை எலும்பு தெரிந்தது, சட்டை தொளதொளத்தது, நோய்க்காரர் உடம்பு அப்படித்தான் வற்றும் என்று நானாகவே சொல்லிக்கொண்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனோம். இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டர், "வேற ஒண்ணும் இல்லம்மா. சரியா சாப்புடறாரா?" என்று கேட்டார். நாலு இட்லி வைத்தால் நாலும் காலி, தட்டு துடைத்த மாதிரி வருகிறது என்றேன். "நீங்க கிட்ட இருந்து பாக்குறீங்களா?" என்றார். இல்லை. இடது கையால் சாப்பிடும்போது வாய் ஓரம் வழியும். அதை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. அதனால் தட்டைக் கொடுத்துப் பின்வாசலில் விட்டுவிட்டு நான் உள்ளே வந்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியைப் பின்வாசல் பக்கம் தள்ளினேன். சக்கரம் கிறீச்சென்றது. முருங்கை மரத்தடியில் இருந்த ஆறு கோழியும் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து நாற்காலியைச் சுற்றி நின்றன. மாதக்கணக்கில் அப்படித்தான் ஓடி வருகின்றன. பொழுது போகாத மனுஷனுக்குக் கோழிகள் துணை என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் வாத்து மாதிரி கொழுத்திருந்தது.

மறுநாள் காலை தட்டைக் கொடுத்துவிட்டு, சமையல்கட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஒரு இட்லியைச் சாப்பிட்டார். மெதுவாக, ருசித்து, பசியோடு சாப்பிட்டார். விரலைக்கூட நக்கினார். பிறகு மிச்சம் மூன்றையும் இடது கையால் பிசைந்து பிசைந்து கீழே போட்டார்.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். முதலில் கோழிகளைத்தான் துடைப்பத்தால் விரட்டினேன். அப்புறம் அவரிடம் திரும்பினேன். "இன்னா வேலங்க இது? யாருக்காக நான் நாலே முக்காலுக்கு எழுந்து சாவுறேன்? சிப்பம் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடியுது. நீங்க இங்க கோழிக்குப் போட்டுகினு ஒக்காந்திருக்கீங்களா? போவணும்னா சொல்லிட்டுப் போங்க!" சொல்லக் கூடாத வார்த்தை. வாயில் வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். வார்த்தையைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். "நீ... தான... சொல்ற. தெனம். இன்னா கனம்... இன்னா கனம்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, இடது கையால் என் முட்டியைக் காட்டினார். "போச்சுன்னா... வூடு... போச்சி."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குடத்தை இறக்கி வைக்கும்போது சொல்கிற மாதிரி, அர்த்தமே இல்லாமல் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அதை நான் அவர் காதுக்குப் பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். அவரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்துவிட்டார். வெகுநேரம் அழுதேன். அழுது முடிந்து எழுந்திருக்கப் பார்த்தால் முட்டி பிடித்துக்கொண்டது. இடது கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன், ஆனால் என் பாரத்தை அதில் போடவில்லை.

அன்றிலிருந்து நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் சாப்பிடுகிறார். வழிந்தால் வழியட்டும், துண்டு இருக்கிறது. கோழிகளைக் கூடையில் போட்டு ரிஷிவந்தியத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மாதம் ஒரு தடவை பாய் மண்டியில் எடை. ஐம்பத்தாறு, ஐம்பத்தொன்பது, போன மாதம் அறுபத்திரண்டு. எண் ஏறும்போது பாய் கை தட்டுகிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த எண்ணைத் தூக்கப்போகிறவள் நான். அவர் ஏற ஏற நான் இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். சிப்பம் இருபது தடவையில் இருந்து பதினைந்துக்கு வந்துவிட்டது. முட்டியில் குத்தல் திரும்பி வந்துவிட்டது. என்றைக்காவது ஒரு நாள் போன் செய்யத்தான் வேண்டியிருக்கும். அது இன்றைக்கு இல்லை என்பதற்காக மட்டும் எழுந்து நடக்கிறேன்.

இன்று காலை நடந்துவிட்டு வந்து அவரைத் தூக்கினேன். பாதி எழுந்தபோது கால் நடுங்கிவிட்டது. ஒரு நொடி நின்றுவிட்டேன். என் தோளில் சாய்ந்திருந்தவர் காதுக்குள், "கனமா... இருக்கனா?" என்றார். வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன். திருப்பி, நாற்காலியில் வைத்து, காலைத் தூக்கிப் பலகையில் வைத்து, எல்லாம் முடிந்த பிறகு, மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்கத் திரும்பி நின்றுகொண்டு, "கனமாவது ஒண்ணாவது. அரிசிச் சிப்பத்த விடக் கம்மி" என்றேன்.

"பொய்" என்றார். பாதி வாயால் சிரித்தார்.

நாலு இட்லி வைத்தேன். நாலையும் என் எதிரிலேயே சாப்பிட்டார். பிறகு தட்டை இடது கையால் என் பக்கம் தள்ளினார். "இன்னும்... ரெண்டு வையி" என்றார். எழுந்து போய் எடுத்து வந்து வைத்தேன். முட்டி இரண்டும் அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன.