கோபிக்கு ஒரு கிலோ கருப்பட்டி மைசூர்பாகு

காலை ஏழரை மணிக்குக் காந்திபுரத்தில் கோபிசெட்டிபாளையம் பேருந்தில் ஏறினேன். அவிநாசி, குன்னத்தூர் வழி. எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் எழுபது ரூபாய். மடியில் ஒரு கிலோ கருப்பட்டி மைசூர்பாகுப் பெட்டி. பார்க்கப் போவது சகலை நடராஜனை. என் மனைவியின் தங்கை கலாவின் கணவர். என்னைவிட நான்கு வயது இளையவர். சர்க்கரை நோயில் அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரமே என் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது: எனக்கும் சர்க்கரை. மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள், பிறகு மாத்திரை பற்றிப் பேசலாம் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி என் கால் விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. கையோடு வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிவிட்டு நாட்டுச் சர்க்கரை வாங்கினேன். உடம்புக்கு நல்லதாயிற்றே என்று காப்பியில் ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொண்டேன்.

அவிநாசி தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் பெட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க, விசேஷத்துக்குங்களா?"

"இல்லீங்க. சகலையப் பாக்கப் போறேன். சுகர்ல வெரல எடுத்துப்போட்டாங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கருப்பட்டியில செஞ்சதுங்க," என்றேன்.

"அப்பச் செரிங்க. கருப்பட்டி ஒண்ணும் பண்ணாதுங்க."

குன்னத்தூர் வரை இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டே போனோம். கோபி நெருங்க, இருபுறமும் நெல், வாழை, தென்னை. பசியிலும் பயத்திலும் எனக்கு அத்தனையும் சாப்பாடாகவே தெரிந்தது.

ஊருக்கு வெளியே வாழைத் தோட்டத்தை ஒட்டிச் சகலையின் வீடு. கலா பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே தேன் பாட்டில், பேரீச்சம்பழம், நாட்டுச் சர்க்கரையில் செய்த அதிரசம்.

"பாக்க வர்றவங்க வெறுங்கையோட வரக்கூடாதுன்னு ஆளாளுக்குச் சக்கரையத் தூக்கிட்டு வாராங்க மாமா. கேட்டா, இது நல்ல சக்கரைங்கறாங்க. டாக்டரம்மா சிரிக்குது. ரத்தத்துக்குள்ள போனா எந்த ஊர்ச் சக்கரைன்னு அதுக்குத் தெரியுமாங்குது."

அவள் என்னைச் சமையலறைக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஊசி போட்டுக்கறாருங்க. ஆனா ரெண்டு வாய் தின்னுபோட்டுத் தட்டத் தள்ளிடறாரு. நேத்து சுகர் எறங்கி வேர்த்துக் கொட்டிக் கையெல்லாம் நடுங்கிப்போச்சு. புண்ணும் ஆறமாட்டேங்குது. இப்படியே போனா மிச்சக் காலும் என்னாகுமோ. நீங்களாவது சொல்லுங்க மாமா."

எதைச் சொல்ல? கருப்பட்டியைச் சுமந்து வந்தவன் நான்.

நடராஜன் ஊசி போட்டுக்கொண்ட சற்று நேரத்தில் சாப்பாடு. எனக்குத் தலைவாழை இலை: வெள்ளைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, அப்பளம், பாயசம். நடராஜனுக்கு எவர்சில்வர் தட்டில் கையளவு ராகிக் களி, கீரை கடைசல், கொள்ளு, ஒரு முட்டை. அவர் தட்டைப் பார்க்கவில்லை. என் இலையைப் பார்த்தார். ஒரு வாய் எடுத்தார். தட்டைத் தள்ளினார்.

கோழிக் குழம்பின் மணத்தில் எனக்கு வாய் ஊறியது. அந்த மனிதருக்கு முன்னால் கை மட்டும் இலைக்கு இறங்கவில்லை.

"கலா, எனக்கும் சகலை சாப்பிடறதே போடு."

"நோவாளிச் சோத்தப் போட்டா அக்கா என்னை என்ன நெனைப்பா?" அவள் முகம் வாடிவிட்டது.

"எனக்கும் சுகர் வந்துருச்சு கண்ணு. போன வாரந்தான் தெரியும்."

நடராஜன் நிமிர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் சிரித்தது அப்போதுதான் என்று கலா பின்னால் சொன்னாள்.

"உங்களுக்குமா? என்னைய வெரலு வெரலுன்னு போன்ல கேட்டதெல்லாம் அதுக்குத்தானுங்களா?"

"என்னுதையும் தெனம் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கறேன்."

களியைப் பிட்டு வாயில் வைத்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: கீரை சப்பென்று இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் நடராஜன். "இதத்தான் மூணு வேளையும் தனியா உக்காந்து தின்னச் சொல்றா."

"பயந்துக்கிட்டே ஆக்கறேனுங்க," என்றாள் கலா. "எதைப் போட்டா என்ன ஆகுமோன்னு எதையுமே போடறதில்ல."

கீரையில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிச் சேர்த்து எலுமிச்சை பிழியச் சொன்னேன். டாக்டரம்மா அதையெல்லாம் வேண்டாமென்று சொல்லவில்லை என்று அவளுக்கே நினைவு வந்தது. நடராஜன் தட்டை இழுத்துக்கொண்டார். பேசிக்கொண்டே முழுவதும் சாப்பிட்டார். கடைசிவரை பரிமாறிக்கொண்டு நின்ற கலாவை அவர்தான் உட்காரச் சொன்னார். அவளும் களியே போட்டுக்கொண்டாள். கோழிக் குழம்பில் ஆளுக்கு ஒரு துண்டு. பாயசம் சமையலறைக்கே திரும்பியது.

நாலு மணிக்குக் கிளம்பினேன். திரும்பும் வழியில் நெல்லும் வாழையும் மறைந்து புழுதி தொடங்கியபோது என் வீட்டை நினைத்தேன். அங்கும் எனக்கென்று சமைக்க ஒரு சின்னப் பாத்திரம் தனியாக வந்திருந்தது. என்னை ஒதுக்கி வைத்தாற்போல அதை வெறுத்துக்கொண்டிருந்தேன். பேருந்திலிருந்தே மனைவியை அழைத்து, ராத்திரிக்கு எல்லோருக்கும் ஒரே சமையல் போதும் என்றேன்.

"உங்களுக்கு ஆக்கறதயா, எங்களுக்கு ஆக்கறதயா?" என்றாள்.

"எனக்கு ஆக்கறத."

"பையன் மூஞ்சியத் தூக்குவான்," என்றாள். பிறகு, "செரி, வாங்க. வெங்காயம் இருக்குது."